இருபதாவது நாள்

எங்கள் மருத்துவமனையில் ஒரு நாள் என்பது விடியற்காலையில் தொடங்குவதில்லை, பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது. பன்னிரண்டைத் தாண்டி ஒரு நிமிடம் ஆகிவிட்டாலும், படுக்கையில் இருப்பவர் கணக்கில் இன்னொரு முழு நாள் ஏறிவிடும். அவர் படுத்திருந்தாரா, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாரா என்றெல்லாம் கணினி கேட்காது. இந்த விதியை எழுதிய புண்ணியவான் வீட்டில் ஒருவருக்கும் ஒரு நாள்கூடக் காய்ச்சல் வந்திருக்காது.

நான் மூன்றாவது மாடியில், பச்சிளம் குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேசை போட்டு உட்காரும் எழுத்தர். யார் வந்தார்கள், எத்தனை நாள் இருந்தார்கள், என்ன செலவு என்று எழுதுவதுதான் வேலை. வருடக் கடைசியில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். சாதாரணப் பிரசவம் என்றால் மூன்று நாள். இடுப்பெலும்பு உடைந்த முதியவர்கள் பதினொரு நாள். அதில் நான்கு நாள் மகன் வந்து கூட்டிப்போகக் காத்திருந்த நாள். குறைமாதக் குழந்தைகள்தான் எல்லாரையும்விட நீளம். கையளவு உடம்பை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தங்குவார்கள், வீட்டை விற்க வைத்துவிட்டு வெளியே போவார்கள்.

ஒரு கோப்பை மூடுவதற்கு ஐந்து இடம் ஏறி இறங்க வேண்டும். மருந்தகம், ஆய்வகம், டாக்டர், உறவினர் கையெழுத்து, கடைசியாகக் கணக்குப் பிரிவு முத்திரை. அந்த முத்திரை விழுந்ததும் சுவர்ப் பலகையில் அந்தப் படுக்கைக்கு நேராகப் பச்சை விளக்கு எரியும். நான் ஒரு பச்சைச் சீட்டு எழுதி வார்டு உதவியாளரிடம் கொடுத்தால், ஆள் வெளியே போகலாம். பதினொன்றரைக்கு டாக்டர் 'போகலாம்' என்று எழுதினால், மற்ற எழுத்தர்கள் சாவகாசமாகத் தேநீர் குடித்துவிட்டு ஒரு மணிக்கு மூடுவார்கள். நான் அப்படியில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படிகளில் ஓடியிருக்கிறேன். கணக்கு அதிகாரியின் மேசைமேல் கோப்பை வைத்து, மணி பதினொன்று ஐம்பத்தெட்டு என்று சுவரைக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறேன். அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், என்னைப் பார்த்தாலும் அவருக்கு அப்படித்தான். 'பன்னெண்டு மணி அக்கா' என்று எனக்குப் பெயர் விழுந்தது இப்படித்தான். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதை இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பிரிவில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. பிறந்தபோது எத்தனை கிராம் எடையோ அதுதான் பெயர். சிஸ்டர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஆயிரத்து இருநூறு பால் குடிச்சாளா?" "எழுநூத்தம்பது அழுவுறான் பாரு." எடை கூடினாலும் பெயர் மாறாது. நாலாம் கண்ணாடி வெப்பப் பெட்டியில் இருந்தவன் தொள்ளாயிரம்.

தொள்ளாயிரத்தின் அப்பா ஒரு வெல்டர். சட்டையெல்லாம் தீப்பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாக இருக்கும். முதல் நாள் பெரிய சிஸ்டர் அவர் நகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விடவில்லை. இரும்புக் கறுப்பு அது, சோப்புக்கெல்லாம் போகாது. மறுநாள் மதியம் வந்து என் மேசை முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். நகக்கண்ணெல்லாம் சிவந்து, ஒன்றிரண்டில் ரத்தம் கட்டியிருந்தது.

"இப்ப விடுவாங்களா அக்கா?"

"விடலன்னா நான் கேக்குறேன் தம்பி, போங்க."

அன்றிலிருந்து எனக்கு அவர் மேல் ஒரு பிரியம். எந்த மருந்தை வெளிக்கடையில் வாங்கினால் பாதி விலை, எந்தப் பரிசோதனையை இரண்டாம் முறை எடுக்கத் தேவையில்லை என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவர் மனைவி அதே கட்டடத்தில் முதல் மாடியில் இருந்தாள். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அதன்பின் தையல் போட்ட இடம் சீழ் வைத்துவிட்டது. தொற்று இருக்கும்வரை மேலே குழந்தைகள் பக்கம் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பெற்றவள் பிள்ளையைப் பார்த்ததெல்லாம் கணவனின் கைபேசியில்தான்.

ஒரு குடும்பத்தில் இரண்டு நோயாளி, இரண்டு எண், இரண்டு கணக்கு. வெல்டர் பைக்கை விற்றார். பிறகு வெல்டிங் மெஷினையும் விற்று, பக்கத்துப் பட்டறையில் கூலிக்குப் போனார். தினமும் மதியம் வந்து முதலில் கண்ணாடி வழியே நாலாம் பெட்டியைப் பார்ப்பார், பிறகு என்னிடம் வந்து எவ்வளவு ஆகியிருக்கிறது என்று கேட்பார். நான் சொன்னதும் தலையாட்டுவார்.

"ஒரு நாள்கூட எக்ஸ்ட்ரா போட விடமாட்டேன், கவலப்படாதீங்க" என்பேன்.

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன அக்கா" என்பார்.

பதினாறாம் நாள் தொள்ளாயிரம் ஆயிரத்தைத் தாண்டினான். சிஸ்டர்கள் கைதட்டினார்கள். பதினெட்டாம் நாள் மாலை காய்ச்சல் வந்தது. பத்தொன்பதாம் நாள் காலை பத்து நாற்பதுக்குப் போய்விட்டான்.

உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது, என் இடம் வெளியே. வெல்டர் கதவைத் திறந்து வெளியே வந்தார். பிறகு படியிறங்கிக் கீழே போனார், மனைவியிடம். பெரிய சிஸ்டர் பின்னாலேயே வந்து கோப்பை என் மேசையில் வைத்தார்.

"நாலு போய்ட்டான்" என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிரசவ அறையிலிருந்து போன், இரட்டைக் குழந்தை, ஒன்றுக்கு மூச்சு சரியில்லை, உடனே வாருங்கள் என்று. ஓடிவிட்டார்.

அவர் சொல்ல வந்தது என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று இருபது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது அந்த மனிதர்மேல் இருந்த பரிவு மட்டும்தான். பிள்ளையும் போய், போன பிள்ளைக்கு இன்னொரு நாள் வாடகையும் கட்டுவதா? தலையை அடமானம் வைத்தாவது இதை மூட வேண்டும் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மருந்தகத்தில் வரிசையைப் பிளந்துகொண்டு போய் மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆய்வகத்தில் ஒரு கையெழுத்து. டாக்டரைப் படியிலேயே மடக்கினேன். உறவினர் கையெழுத்துக்கு முதல் மாடிக்கு ஓடினேன். பெண்கள் வார்டின் வாசலில், உள்ளே போகாமல் வெல்டர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவிக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இங்க ஒரு கையெழுத்து. பன்னெண்டுக்குள்ள முடிச்சிடலாம். ஒரு நாள் மிச்சம்."

"அவகிட்ட இன்னும் சொல்லலக்கா" என்றார். "வாய் வரல."

"முதல்ல கையெழுத்துப் போடுங்க. மணியாகுது."

என்ன காகிதம் என்றுகூடப் பார்க்காமல் போட்டார்.

கணக்குப் பிரிவில் முத்திரை விழுந்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. கணக்கு அதிகாரி, "செத்ததுக்குக்கூட ஓட்டமா?" என்றார். "செத்ததுக்கும் நீங்க வாடகை கேப்பீங்களே, அதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பலகையில் நாலுக்கு நேராகப் பச்சை எரிந்தது. சீட்டை எழுதி உதவியாளரிடம் நீட்டினேன். அவர் ஒட்டடைக் குச்சி உயரம், எதிர்க்கேள்வி கேட்டு அறியாதவர். இரட்டையரில் மூச்சு சரியில்லாத குழந்தை மேலே வந்துகொண்டிருந்தது, பெட்டி வேண்டும். அவரும் இன்னொருவரும் ஐந்தே நிமிடத்தில் துணியில் சுற்றியதைத் தூக்கிக்கொண்டு என் மேசையைக் கடந்து மின்தூக்கிக்குள் போனார்கள். நான் தலை நிமிரவில்லை. பதிவேட்டில் 'பத்தொன்பது நாள்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணியின் ஒரு முனை கடைக்கண்ணில் தெரிந்தது, அவ்வளவுதான். எழுதி முடித்து, தண்ணீர் குடித்தேன். நல்லது செய்த களைப்பு.

பன்னிரண்டு இருபதுக்கு மின்தூக்கி திறந்தது. சக்கர நாற்காலியில் அந்தப் பெண். தள்ளிக்கொண்டு வந்தவர் வெல்டர்.

அவள் தலை வாரிப் பின்னியிருந்தாள். முகத்தில் பவுடர். பத்தொன்பது நாள் கழித்து டாக்டர் மேலே வரச் சொல்லியிருக்கிறார் என்றால் அவளுக்கு அது வேறு என்னவாகத் தோன்றும்? காய்ச்சல் விட்டுவிட்டது, தொற்று போய்விட்டது, பிள்ளையைத் தூக்கலாம் என்றுதான் தோன்றும். வெல்டர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அவர் இன்னும் சொல்லவில்லை.

"நீங்கதான பன்னெண்டு மணி அக்கா?" என்றாள். "உங்களப் பத்தியே பேசிட்டு இருப்பாரு. கை கழுவிட்டேன், நகமெல்லாம் வெட்டிட்டேன். பாருங்க." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், அவர் காட்டியதுபோலவே.

எழுந்தேன். "இரும்மா, கொஞ்சம்" என்று சொல்வதற்குள் வெல்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். பெரிய சிஸ்டரிடம் அப்படித்தான் கேட்டிருக்கிறார். 'அம்மா வர்ற வரைக்கும் நாலுலயே இருக்கட்டும்' என்று சிஸ்டர், தொற்று இருந்தும் அந்த ஒரு முறைக்கு, ஒத்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் சொல்ல வாயெடுத்தது அதைத்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

நாலாம் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கைபேசியில் அத்தனை முறை பார்த்திருக்கிறாள். நாற்காலியிலிருந்து எம்பிக் கண்ணாடியில் கையை வைத்தாள். உள்ளே, அப்போதுதான் வந்த குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, கால் ஆட்டுறான் பாருங்க! ஐயோ, போட்டோல இப்படி ஆட்டவே மாட்டானே! பெருத்துட்டான்ல?"

வெல்டர் பெட்டியைப் பார்த்தார். பிறகு திரும்பி, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அதில் ஒரு கேள்விதான் இருந்தது.

அதற்குள் அவள் பெட்டியின் தலைமாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டாள். ஆயிரத்து நூறு. பெண்.

"இது யாரோடது?" என்றாள். "நம்மளது எங்க?"

வெல்டர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பிரிவில் சத்தம் போடக் கூடாது என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டிருக்கிறோம். அவள் சத்தம் போடவில்லை. அவள் கை மட்டும் அந்தக் கண்ணாடியை விடவில்லை. பெரிய சிஸ்டர் வந்துதான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். எடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"யார் அனுப்பச் சொன்னது?"

"நான்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. "அவ ஒரு தடவையாவது தூக்கணும்" என்றார். "போய் எடுத்துட்டு வா."

கீழ்த்தளத்துக்கு ஓடினேன். அங்கே குளிர் அறையின் காப்பாளர் பழக்கமானவர்தான், ஆனாலும் உதட்டைப் பிதுக்கினார். "சீட்டு காட்டினா உள்ள வெச்சிக்குவேன். திரும்ப வார்டுக்கு அனுப்பணும்னா வார்டுல பேர் இருக்கணும்ல? ஃபைல மூடிட்டீங்களே."

"பத்து நிமிஷம்தான், அண்ணே."

"எனக்கு மட்டும் மனசு இல்லையா? கேமரா இருக்கு. வேல போய்டும்."

கணக்குப் பிரிவுக்கு ஏறினேன். அன்று நான்காவது முறை அந்தப் படிகள். கணக்கு அதிகாரி என்னைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அந்த மனிதருக்கும் முகம் மாறும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"திறக்கலாம்" என்றார் மெதுவாக. "ஆனா மணி பன்னெண்டே முக்கால். இப்பத் திறந்தா இருபது நாள் ஆய்டும். கம்ப்யூட்டர் தானா போட்டுடும், நான் ஒண்ணும் செய்ய முடியாது. கட்டுறவங்க கையெழுத்து வேணும்."

"நான் கட்டுறேன். என் சம்பளத்துல பிடிச்சிக்குங்க."

"வேணாம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வெல்டர். எப்போது என் பின்னால் வந்தார் என்று தெரியவில்லை. மேசைமேல் குனிந்து பேனாவை எடுத்தார்.

"தம்பி, என்னாலதான்… நான் கட்டுறேன். ஒரு நாள் மிச்சம் பண்ணிக் குடுக்கலாம்னுதான் நான்…"

"தெரியும்க்கா" என்றார். "நீங்க கெட்டது நினைக்க மாட்டீங்க." பிறகு பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி சொன்னார்: "பத்தொம்பது நாளும் அவன் மெஷினோட இருந்தான். இந்த ஒரு நாள்தான் அவன் அம்மாகூட. இத நான் கட்டுறேன்."

இந்த முறை என்ன காகிதம் என்று முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

கீழேயிருந்து கொண்டுவந்ததும் பெரிய சிஸ்டர் உடனே அவளிடம் கொடுக்கவில்லை. குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் விளக்கின் கீழே ஒரு துண்டைப் போட்டு, பத்து நிமிடம் சுட வைத்தார். அதில் சுற்றிக் கொடுத்தார். "சில்லுன்னு இருந்தா அவ தாங்க மாட்டா" என்றார் என்னிடம். தாய்மார்கள் பால் கறந்து கொடுக்கும் சின்ன அறையில் நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தோம். கதவை நான்தான் சாத்தினேன். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன், யாரும் உள்ளே போய்விடக் கூடாது என்று.

முதலில் அழுகை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. அப்புறம் வெகுநேரம் கழித்துப் பேச்சுக் குரல் கேட்டது. அவள் அவனிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் எந்த ஜன்னலில் வெயில் வரும், அப்பா அவனுக்காக இரும்பில் செய்த தொட்டில் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்றெல்லாம். நடுவில் கதவைத் திறந்து, "இப்ப எவ்வளவு எடை?" என்று கேட்டாள். "ஆயிரத்து நாப்பது" என்றேன். "நல்லாத்தான் ஏறியிருக்கான்" என்றாள்.

மூன்று மணிக்குக் கணக்குப் பிரிவிலிருந்து வேறொருவர் போன் செய்தார். தொள்ளாயிரத்தின் கோப்பு இன்னும் திறந்தே இருக்கிறதே, எப்போது அனுப்புவீர்கள் என்று.

"நாளைக்குப் பகல் பன்னெண்டு மணி வரைக்கும் நேரமிருக்கு" என்றேன். "காசு கட்டியிருக்காங்க."

விதி அது. பத்து வருடமாக நான் கரித்துக் கொட்டிய அதே விதி. அன்று அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து இடம் ஏறி இறங்கி ஓடி ஓடி எத்தனை பேரைப் பன்னிரண்டுக்கு முன்னால் வெளியே அனுப்பியிருக்கிறேன். அதில் எத்தனை பேருக்கு ஒரு மணி நேரம் கூட இருந்திருக்க ஆசை இருந்திருக்கும்? ஒருவரிடமாவது கேட்டேனா? கேட்கவில்லை. பணம் மிச்சமானால் எல்லாம் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்து, நடைபாதையில் விளக்குப் போட்ட நேரத்தில் அவள் கதவைத் திறந்தாள். வெல்டர் அவளுக்குப் பின்னால் நின்றார். அவர் கண் சிவந்திருந்தது.

"கை மரத்துப்போச்சு" என்றாள். "யாராவது வாங்கிக்கிறீங்களா?"

உதவியாளர் பச்சைச் சீட்டுக்காக என் முகத்தைப் பார்த்தார். நான் சீட்டை எழுதவில்லை. எழுந்து போய் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் கொடுத்தாள். துண்டின் சூடு எப்போதோ போயிருந்தது, ஆனால் அவள் மடியின் சூடு அதில் இருந்தது.

பத்தொன்பது நாள் அவன் கணக்கை எழுதியிருக்கிறேன். என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணி நேரம் ஆக்ஸிஜன் என்று ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறேன். பகலில் என் மேசையைக் கடந்து கொண்டுபோனபோதுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்கு வலது புருவத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.